நடுவர் மேசைக்கு அடியில் இருக்கிறார்

அக்டோபர் 7, திங்கள்

குழந்தை செய்தது: ஒன்றுமில்லை.

இப்படி எழுதினால் போதும் என்றார் ஜெசிந்தா மேடம். குழந்தை என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வேண்டாம், நான் வாங்கிப் படிக்க மாட்டேன், இது உங்களுக்காகத்தான் என்றார். யாரும் படிக்காத ஒன்றை எதற்கு எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வருடா வருடம் கொடுக்கும் டைரிகள் பிரிக்காமலே கிடக்கின்றன. ஒன்றாவது பயன்படட்டும்.

மேடம் திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் மையத்தில் பயிற்சியாளர். எங்கள் மூத்தவள் தேன்மொழிக்கு ஆட்டிசம் என்று அங்கேதான் சொன்னார்கள். அவளுக்கு ஐந்து வயது, இன்னும் பேச்சு வரவில்லை. அவள் தம்பி நன்மாறனுக்கு எட்டு மாதம். மூத்த குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் கூடுதலாம். வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. அதனால் இப்போதிருந்தே கவனிக்கலாம் என்றார். கவனிப்பது என்றால் அவனை மட்டுமல்ல, நாங்கள் அவனோடு இருக்கும் விதத்தையுமாம். வீட்டில் அவனோடு விளையாடுவதைச் செல்போனில் படம் பிடித்து வரச் சொல்லியிருந்தார்.

அடக்கத்தோடு சொல்கிறேன், நான் கொண்டுபோனது நல்ல படம். தென்காசி வட்டாரத்தில் பட்டிமன்ற நோட்டீஸ் எதை எடுத்தாலும் அதில் ‘சொல்லருவி’ பூமிநாதன் என்ற பெயர் இருக்கும். பகலில் இன்சூரன்ஸ் முகவர், கோயில் கொடைத் திருவிழா வந்தால் பேச்சாளர். பெற்ற மகனோடு பேசும்போது மட்டும் தரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா? நிலா, யானை, குற்றாலத்து அருவி, ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று ஒன்றுவிடாமல் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருந்தேன். நடுநடுவே நகைச்சுவையும் உண்டு.

மேடம் கடைசிவரை பார்த்தார். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்கவில்லை. பிறகு, “சார், இதுல மாறன் எப்ப பேசுறான்?” என்று கேட்டார்.

அவனுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது என்பதை நினைவூட்டினேன்.

“பாக்குறதும் பேச்சுதான் சார். காலை உதைக்கிறது, வாயைத் திறக்கிறது எல்லாமே பேச்சுதான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்க உள்ள வந்துடுறீங்க. பாவம், அவன் முறை வரவே இல்லை.”

மேடையில் இடைவெளி விட்டால் அது எதிரணிக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம் என்று விளக்கினேன். இன்னும் சில உதாரணங்களும் சொன்னேன். என் மனைவி சுகந்தி மேசைக்கு அடியில் என் காலை மிதித்ததால் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுப்பாடம் இதுதான். அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு அவன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பாடம் என்று பேருந்துச் செலவு செய்து போய்க் கற்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

காத்திருந்தேன். முடியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

குழந்தை செய்தது: கட்டைவிரலைச் சப்பினான், மின்விசிறியைப் பார்த்தான்.

பாயில் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, எதிரே நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். “மாறா” என்றேன். காத்திருந்தேன். அவன் விசிறியைப் பார்த்தான். அந்த அமைதியில் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா ஏன் இப்போது பேசாமல் இருக்கிறேன் தெரியுமா என்று அவனிடம் கேட்டு, ஜெசிந்தா மேடம் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினேன். அமைதியின் பெருமையைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

படம் பிடித்துக்கொண்டிருந்த சுகந்தி செல்போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்ன ஆயிற்று என்றதற்கு, செல்போனில் இடம் பத்தாது என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று ஒரு கிராமத்தில் பட்டிமன்றம். குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனின் பொறுமையா, மனைவியின் பொறுமையா என்பது தலைப்பு. நான் கணவன் அணி. நடுவர் வழக்கம்போலப் பேராசிரியர் ஆவுடையப்பன். அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு பித்தளை மேசை மணி இருக்கும். உச்சியில் ஒரு குமிழ், அதை அழுத்தினால் ‘டிங்’. அந்தச் சத்தம் கேட்டால் எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் எங்கள் குழுவின் சட்டம்.

தீர்ப்புக்கு முன்னாலேயே மழை கொட்டியது. ஆளுக்கொரு பக்கம் ஓடி, கையில் கிடைத்ததை வேனில் அள்ளிப் போட்டோம். வீட்டில் வந்து பையைத் திறந்தால் என் சால்வையோடு மணியும் இருக்கிறது. அடுத்த வாரம் கொடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

மணி தேன்மொழியிடம் இருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்கிறாள். மாட்டேன் என்று வாயால் சொல்வதில்லை. எடுக்கப் போனால் கத்துகிறாள், தலையைத் தரையில் முட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இவளைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன். செருப்புகளை ஒரே வரிசையில் அடுக்குவாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சத்தமே ஆகாதவளுக்கு இந்த மணிச் சத்தம் மட்டும் எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. தானே அடித்தால் பிடிக்கும் போலிருக்கிறது என்றாள் சுகந்தி.

சாயங்காலம் பாயில் மாறனோடு உட்கார்ந்து, முந்தாநாள் பட்டிமன்றத்தில் எதிரணியை நான் மடக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உச்சக்கட்டம் வரும் நேரம். மேசைக்கு அடியிலிருந்து ‘டிங்’.

“வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். நான் வேண்டுமென்று சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

சுகந்தி சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பை இங்கே எழுத விரும்பவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நடுவர் போனில் கூப்பிட்டு மணியைக் கேட்டார். வேனில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று செங்கோட்டைப் பக்கம் ஒரு நிகழ்ச்சியில் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டியிருக்கிறார். பேச்சாளர் ஒருவர் காபி வந்துவிட்டது என்று நினைத்து மேடையைவிட்டு இறங்கிவிட்டாராம்.

வீட்டில் தினமும் எனக்கு மணி அடிக்கப்படுகிறது. என் குரல் மகளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. ஊரே கைதட்டும் குரல். சரி, அவள் குழந்தை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தம் தேன்மொழிக்கு ஆகாது. உள் அறையில் ஜன்னலை அடைத்து, இடுக்கில் தலையணையை வைத்து, இரண்டு பிள்ளைகளோடும் நான் உட்கார்ந்துகொண்டேன். வெடிச் சத்தம் கேட்காமல் இருக்கப் பேசிக்கொண்டே இருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ‘டிங்’. நிறுத்தினேன்.

மாறன் என் மடியில் இருந்தான். நான் நிறுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்த்தான். கையை நீட்டி என் உதட்டைப் பிடித்துக்கொண்டான். இந்த வாய் ஏன் நின்றுவிட்டது என்று பார்த்திருப்பான். வெகு நேரம் விடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, உதடு அவன் கையில் இருந்ததே.

வெளியே ரொம்பப் புகை. கண்ணெல்லாம் எரிந்தது. ஜன்னல் அடைத்திருந்தும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

நவம்பர் 4, திங்கள்

மையத்துக்குப் போய்வந்தோம். இந்தத் தடவைப் படத்தை மேடம் அங்கங்கே நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மணி அடிக்கிறது, நான் நன்றி வணக்கம் சொல்கிறேன், மாறன் என் பக்கம் திரும்புகிறான். மறுபடியும் அதேதான். நான் நிறுத்தும்போதெல்லாம் திரும்பியிருக்கிறான். அங்கே உட்கார்ந்து பேசிய எனக்குத் தெரியவில்லை, படத்தில் தெரிகிறது.

யார் மணி அடிப்பது என்று மேடம் கேட்டார். மூத்தவள், விளையாட்டு, நடுவருடைய மணி, அடுத்த தடவை வாங்கி வைத்துவிடுகிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன். வாங்க வேண்டாம், இருக்கட்டும் என்றார். எனக்கென்னவோ அவர் சுகந்தி கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

மேடத்திடம் கேட்காமல் செல்போனில் கொஞ்சம் படித்தேன். இந்த வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது.

காலையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, கதவுக்கு மறைவிலிருந்து. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் பெயரும் மாறன்தான். ஒவ்வொரு தடவையும் அவர் வாசலுக்கு வந்து, “என்ன அண்ணாச்சி, கூப்பிட்டியளா?” என்று கேட்டார். மூன்றாவது தடவை வந்தபோது சும்மா அனுப்பக் கூச்சமாக இருந்ததால் நன்றாக இருந்த சுவிட்ச் ஒன்றைக் கழற்றி மாட்டச் சொன்னேன். இப்போது அது வேலை செய்யவில்லை.

என் மாறன் ஒரு தடவை திரும்பினான். அது என்னைப் பார்த்தா, பறந்துபோன ஈயைப் பார்த்தா என்று தெரியவில்லை. மற்ற நேரமெல்லாம் தரையில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேன்மொழி விஷயத்திலும் முதலில் இப்படித்தான் தெரிந்தது. நான் கதவருகில் நின்று கூப்பிட்டேன், கூப்பிட்டேன், அவள் திரும்பவேயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுகந்தியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சொல்லாமலே சுகந்திக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் நான் கதவுக்குப் பின்னால் நின்று “மாறா” என்றபோது கையிலிருந்த தோசைக் கரண்டியோடு வந்தாள்.

“பிள்ளையப் பரீட்சைக்கு உக்கார வச்சிருக்கியளா? அவன் ஃபெயிலானா என்ன செய்யப் போறீங்க? தேனுகிட்ட விட்ட மாதிரி இவன்கிட்டயும் பேச்சை விட்டுருவீங்களா?”

அபாண்டம். தேன்மொழியோடு நான் பேசாமல் இல்லை. அவளுக்குச் சட்டை வாங்கித் தருகிறேன், பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன், எல்லாம் செய்கிறேன். பேசிக்கொண்டும்தான் இருக்கிறேன். ஊரெல்லாம் பேசுகிறவன் மகளிடம் பேச மாட்டேனா? கடைசியாக அவளிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

கரண்ட் போய்விட்டது. இத்தோடு நிறுத்துகிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று கரண்ட் போகவில்லை என்கிறாள் சுகந்தி. அந்த ஒரு சுவிட்ச்தான் வேலை செய்யவில்லையாம்.

நவம்பர் 29, வெள்ளி

குழந்தை செய்தது: தவழ்ந்தான். பின்பக்கமாக. சோபாவுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு அழுதான்.

தூக்கலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் மணி அடித்தது. நான் அப்போது பேசவே இல்லை. அநியாயமாக ஒரு மணி.

டிசம்பர் 9, திங்கள்

மையத்துக்குப் போனோம். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் எப்படி என்று தெரியவில்லை.

படத்தைப் போடுவதற்கு முன் என் குரல் கேட்காதபடி சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டார் மேடம். மணிச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. மாறன் முகத்தை மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள் என்றார். பார்த்தோம். சிரிக்கிறான், காலை உதைக்கிறான், என் கண்ணாடியைப் பிடிக்க வருகிறான். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்குகிறான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். அவனுக்குப் போதும் என்று ஆகிவிட்டதை அப்படித்தான் சொல்வானாம். நான் அதைக் கவனிக்காமல் வாயசைத்துக்கொண்டே இருக்கிறேன். ‘டிங்’.

மேடம் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். முகத்தைத் திருப்புகிறான், ‘டிங்’. இன்னொரு இடத்தில் வெகு நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறேன், மாறன் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கிறான். அங்கே மணியே இல்லை. அவன் சிரிப்பு அடங்கி உடம்பை முறுக்கியதும் ‘டிங்’.

“சார், இப்ப மேசைக்கு அடியில பாருங்க” என்றார்.

படத்தின் ஓரத்தில் தேன்மொழி. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். ஒரு கையில் ஏதோ டப்பா மூடியைச் சுழற்றுகிறாள். இன்னொரு கை மணிமேல் இருக்கிறது. மூடியைத்தான் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கண்ணால் அவள் பார்ப்பது தம்பியை.

தற்செயலாக இருக்கும் என்று சொன்னேன். இருக்கலாம் சார், எனக்கும் உறுதியாகத் தெரியாது என்றார் மேடம். தம்பி சிணுங்குவதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் அவள் காதுக்கு நிம்மதி என்றுகூட இருக்கலாம். “ஆனா அவன் எப்ப போதும்ங்கிறான்னு உங்க வீட்ல முதல்ல தெரியுறது அவளுக்குத்தான்” என்றார்.

சோபா விஷயம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் சிக்கிக்கொண்டு அழுதபோது அவள் அடித்த மணி என்னை நிறுத்துவதற்கு அல்ல.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிவரை பேருந்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் சுகந்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

டிசம்பர் 15, ஞாயிறு

சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு ஆள் உட்காருவது எளிதல்ல. நான் ஒல்லியான ஆளுமல்ல. தலை இடித்தது, முட்டி மடங்க மறுத்தது. தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். விட்டாளா, விலகினாளா தெரியாது. இடம் கிடைத்தது.

என்ன பேசலாம் என்று வழக்கம்போலத் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் மூடியைச் சுற்றினாள். பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுழன்று சுழன்று விழும்போது கடைசியில் ஒரு நடுக்கம் வருகிறது, அந்த இடத்தில் அவள் விரல்களை விரிக்கிறாள். இவ்வளவு நாள் இதை நான் கவனித்ததே இல்லை.

மணியை ஒரு தடவை அடித்தாள். நான் பேசவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். மணி எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. காத்திருந்தேன். அவள் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

அடித்தேன். திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அடித்தாள். தள்ளினாள்.

எவ்வளவு நேரம் விளையாடினோம் என்று தெரியவில்லை. நடுவில் மாறன் தவழ்ந்து வந்து, இப்போது முன்பக்கமாகவே வருகிறான், மணியை வாயில் வைத்தான். அவள் கத்தவில்லை. பிடுங்கித் தன் பாவாடையில் துடைத்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். அது என் முறை, அவள் மறக்கவில்லை.

சுகந்தி குனிந்து பார்த்து, “மூணு பேரும் இங்கதான் கெடக்கீங்களா?” என்றாள். பிறகு வெகு நேரம் அப்படியே குனிந்து நின்றாள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துப்போனதற்கு அவள்தான் காரணம், நான் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

நடுவர் நேரிலேயே வந்துவிட்டார். பட்டு ஜிப்பா, கையில் ஒரு காராச்சேவு பொட்டலம்.

“வே பூமி, பொங்கலுக்கு நம்ம பட்டிமன்றத்தைக் கேபிள்ல காட்டுதான். டம்ளரைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என் மரியாதை என்னவே ஆகும்? மணி உம்ம வீட்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

வேனில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மறுபடியும் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னேன். அவர் பெரிய மனிதர், கோபப்படவில்லை. மாறனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த மணியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். எந்த ஊரில் வாங்கியது, எந்த மந்திரிக்கு அதை அடித்தது, அதற்கு மந்திரி என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போனது. மாறன் முதலில் அவருடைய ஜிப்பாப் பொத்தானை ரசித்தான். பிறகு கண்ணைக் கசக்கினான். முகத்தைத் திருப்பினான். எனக்குத் தெரிந்துவிட்டது, அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

‘டிங்’.

இத்தனை வருடமாக மற்றவர்களுக்கே மணி அடித்துவந்த மனிதர். யாரும் அவருக்கு அடித்ததில்லை. பாதி வார்த்தையில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

மாறன் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த மணியைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, நடுவரைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, என்னைத் தேடிப் பார்த்தான். மறுபடியும் மணியைப் பார்த்தான். மறுபடியும் என்னை. “ஆங்” என்றான்.

பார்த்தாயா அப்பா, மணி அடித்தது, என்றுதான் அதற்கு அர்த்தம். வேறு அர்த்தம் இருக்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கிடைக்காத பார்வை, கூப்பிடாமலே கிடைத்தது. என்னிடம் சொற்கள் இல்லாமல் இல்லை, கூட்டமாக வந்து நின்றன. நான் ஒன்றையும் வெளியே விடவில்லை. நானும் மணியைப் பார்த்தேன், பிறகு அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான். “ஆங்” என்று இன்னொரு தடவை சொன்னான். அது அவன் முறை, முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

சுகந்தி அடுப்படி வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் நறுக்கினேன் என்றாள். வெங்காயம் தீர்ந்து இரண்டு நாளாகிறது, நான்தான் வாங்க மறந்திருக்கிறேன்.

ஆவுடையப்பன் பட்டு ஜிப்பா கசங்கக் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தேன்மொழி அவரைப் பார்க்கவில்லை, மணிமேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“நான் டம்ளரைத் தட்டிக்கிடுதேன்வே” என்றார். செருப்பைத் தேடினார். அது வரிசையில் கடைசியாக நேராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. “நெசமாச் சொல்லுதேன், எனக்கும் எவனாவது அப்பமே ஒரு தடவை அடிச்சிருக்கணும்.”

ஜனவரி 6, திங்கள்

மேடத்திடம் நேற்று நடந்ததைச் சொன்னோம். ரொம்ப நல்ல விஷயம் என்றார். ஆனால் இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒன்றரை வயதில் ஒரு தடவை, இரண்டு வயதில் ஒரு தடவை பார்க்க வேண்டும், எப்படி இருந்தாலும் இப்போது செய்வதையே செய்யுங்கள் என்றார்.

“சரி” என்றேன்.

நான் மேலே பேசுவேன் என்று மேடம் காத்திருந்தார். நான் பேசவில்லை என்றதும் சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி பெருமையோடு தலையாட்டினாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் பட்டிமன்றம், நேரடி ஒளிபரப்பு. பிள்ளை வளர்ப்பில் விஞ்சி நிற்பது தாயா, தந்தையா என்பது தலைப்பு. நான் தந்தை அணித் தலைவர். இரண்டு வாரமாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

எழுந்தேன். வணக்கம் சொன்னேன். ஒரு கருத்தைச் சொன்னேன். பழக்கதோஷம், நிறுத்திக் காத்திருந்தேன். கூட்டம் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தது. எதிரணிப் பேராசிரியை எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். பின்வரிசையில் ஒரு அம்மாள், “எங்க வீட்டுக்காரருக்குப் பிள்ளை எந்த வகுப்புன்னே தெரியாது” என்று பதில் சொன்னார். மண்டபமே சிரித்தது. எதிரணிக்குத்தான் கைதட்டல். பரவாயில்லை, அந்த அம்மாளும் எவ்வளவு நாளாக முறைக்குக் காத்திருந்தாரோ.

நடுவர் கரண்டியை எடுப்பதற்கு முன்பே முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தாயே என்று தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு, ஆனால் இதை வெளியே சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கரும்பைக் கடித்துக்கொண்டே சுகந்தியிடம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நேரடி ஒளிபரப்பில் அவள் முழுக்கப் பார்த்திருந்தாள், இருந்தாலும் சொன்னேன். தண்ணீர் பாட்டில் இடத்துக்கு வந்தபோது ‘டிங்’.

உடனே நிறுத்திவிட்டு மாறனைப் பார்த்தேன். இப்போதெல்லாம் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். மாறன் தொட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகத் தூங்குகிறான் என்றாள் சுகந்தி. அப்படியென்றால் இந்த மணி யாருக்கு?

குனிந்து பார்த்தேன். தேன்மொழி மேசைக்கு அடியில் இருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். மணி நடுவில் இல்லை, எனக்கென்று விட்ட இடத்தில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி மணியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மாலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் மகள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

இதை எழுதிவிட்டு வருகிறேன் என்று டைரியை எடுத்தேன். அதற்குள் இரண்டு தடவை அடித்துவிட்டாள். மீதியை எழுத முடியாது, என் முறை வந்துவிட்டது.